குருவிக்குத் தீனி வைக்கிறீர்களா? கீழே உள்ள தரையையும் கவனியுங்கள்!

கொல்லையில் கொய்யாக் கிளையில் ஒரு தீனித்தட்டு, தாழ்வாரத்தில் ஒரு நெற்கதிர்க் கொத்து என்று பறவைகளுக்கு இரை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் மறுபடியும் தழைத்து வருகிறது. மனதுக்கு நிறைவான விஷயம். ஆனால் தட்டை வாங்கி மாட்டும்போது எடுத்துக்கொள்ளும் அக்கறையை, அதற்குக் கீழே இருக்கும் தரைக்கு நாம் காட்டுவதில்லை. சிந்திய தானியம் மழையில் நனைந்து பூசணம் பிடிக்கிறது. உமியும் எச்சமும் சேர்ந்து நாற்றமெடுக்கிறது. இரவில் எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. கடைசியில் ‘இந்த வம்பே வேண்டாம்’ என்று தட்டையே கழற்றிவிடுகிறோம். அதற்கு அவசியமே இல்லை. தரையை ஒருமுறை ஒழுங்காக அமைத்து, பொழுது சாய்வதற்குள் கூட்டிவிடும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வரவே வராது. அதற்கான குறிப்புகள் இங்கே.

இடம் பார்ப்பது

1. உங்கள் வீட்டில் எந்தப் பறவை எங்கே தின்கிறது என்று முதலில் கவனியுங்கள். கிளியும் அணிலும் தட்டிலேயே தொற்றிக்கொண்டு தின்னும். புள்ளிப்புறா, மைனா, தவிட்டுக்குருவி, காகம் போன்றவை தரையில் நடந்து பொறுக்கும். சிட்டுக்குருவி தட்டிலும் தின்னும், தரையிலும் தின்னும். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறாகூடக் காட்டில் தரையில் உதிர்ந்த விதைகளையும் பழங்களையும் பொறுக்கித்தான் வாழ்கிறது. ஆகவே தட்டுக்குக் கீழே இருப்பது குப்பை விழும் இடம் அல்ல. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் பந்தி.

2. பூனை பதுங்க இடம் கொடுக்காதீர்கள். தரையில் குனிந்து பொறுக்கும் பறவைக்குப் பூனை பாய்வதைப் பார்த்துப் பறக்க ஒரு நொடியாவது வேண்டும். தட்டுக்குக் கீழே எல்லாப் பக்கமும் 10 முதல் 12 அடி தூரத்துக்கு அடர்ந்த புதர், விறகுக் கட்டு, சாய்த்து வைத்த தகரம் எதுவும் இருக்க வேண்டாம். அதற்கு அப்பால் ஒரு மரமோ உயரமான செடியோ இருப்பது நல்லது. வல்லூறு வந்தால் குருவிகள் ஓடி ஒளிய அது உதவும். அந்தச் செடியின் அடியில் காய்ந்த எலுமிச்சை முள்ளைப் பரப்பி வைத்தால் பூனை அங்கே உட்காராது.

3. கிணறு, தரைத் தொட்டி, துணி காயப்போடும் கொடி, கீரைப்பாத்தி, வாசற்படி ஆகியவற்றுக்கு மேலே தட்டை மாட்டாதீர்கள். உமியும் எச்சமும் விழாத நாளே இருக்காது. பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கும் வீடுகளில் தூரத்தையும் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜமென்று நம்பிப் பறவைகள் மோதி இறப்பதுண்டு. தட்டு ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் இருந்தால் மோதினாலும் வேகம் இருக்காது. இல்லாவிட்டால் 30 அடிக்கு அப்பால் மாட்டிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து அதிகம்.

4. காலை வெயில் விழுந்து, மதியத்தில் நிழல் வரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் தரையை உலர்த்தும். ஈரத்தில் செழிக்கும் கிருமிகளுக்கும் பூசணத்துக்கும் வெயில்தான் நல்ல மருந்து. சித்திரை, வைகாசியில் மதிய வெயிலில் கொதிக்கும் கல் தரையில் பறவைகள் கால் வைக்க முடியாது என்பதால் நிழலும் வேண்டும்.

தரை அமைப்பது

5. கூட்டுவதற்குச் சுலபமான தரைதான் நல்ல தரை. தட்டுக்கு நேர் கீழே ஆறடிக்கு ஆறடி அளவில் கடப்பா கல்லோ செங்கல்லோ பாவிவிட்டால் வேலை மிச்சம். முதலில் மண்ணைக் கெட்டித்து, இரண்டு அங்குலம் மணல் போட்டு மட்டப்படுத்தி, அதன்மேல் கல்லைப் பதியுங்கள். நாலடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்தால் தண்ணீர் தேங்காது. கல்லுக்குக் கல் இடைவெளி விடாமல் பூசிவிடுங்கள். அந்த இடுக்குகளில்தான் கம்பும் தினையும் புகுந்து முளைக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய தரை ஓடுகள் இருந்தால், வழுக்காத சொரசொரப்பான வகையை மட்டும் பயன்படுத்துங்கள்.

6. கல் வேண்டாம், மண் தரையே போதும் என்பவர்கள் செம்மண்ணைக் கொட்டி, லேசாக நீர் தெளித்து, திமிசு போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். சுற்றியுள்ள நிலத்தைவிட மூன்று அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். இறுகிய மண் தரையை ஈர்க்குச்சி விளக்குமாற்றால் கூட்டுவது சுலபம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் மேல் மண்ணை இரண்டு அங்குலம் வழித்து எடுத்துவிட்டுப் புது மண் போட்டு இடித்துவிடுங்கள்.

7. ஜல்லி, கூழாங்கல், தேங்காய் நார்க்கழிவு, மரத்தூள், புல்தரை ஆகியவை தட்டுக்கு நேர் கீழே வேண்டாம். பார்க்க அழகாக இருந்தாலும் ஜல்லிக்குள் விழுந்த தானியத்தைப் பறவையாலும் எடுக்க முடியாது, நம்மாலும் கூட்ட முடியாது. அடியில் அழுகிக் கிடக்கும் அந்தத் தானியம் எலிக்கு மட்டுமே பயன்படும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் பூசணம் சீக்கிரம் வரும். புல்தரையோ, உமி மூடிச் சில மாதங்களிலேயே சொட்டையாகிவிடும்.

8. சிந்துவதில் பாதியைத் தரைக்கு வரும் முன்பே பிடித்துவிடலாம். தீனித்தட்டுக்கு ஓரடி கீழே, அதைவிட இரு மடங்கு அகலமுள்ள இன்னொரு தட்டைத் தொங்கவிடுங்கள். அகலமான பிளாஸ்டிக் தாம்பாளமே போதும். மழைநீர் வடிய அதில் ஏழெட்டுத் துளைகள் போடுங்கள். தரைக்கு இறங்கத் தயங்கும் குருவிகள் இந்த இரண்டாம் தட்டில் வந்து உட்காரும். ஆனால் இதையும் தினமும் கொட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

9. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்தவெளித் தட்டுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். நனைந்த தானியம் ஓரிரு நாளிலேயே புளித்துவிடும். தாழ்வாரத்துக்குள், தண்ணீர் படாத இடத்தில் சிறிய தட்டு ஒன்றை வைத்து, இரையின் அளவையும் பாதியாகக் குறையுங்கள். மழை விட்டதும் முதல் வேலையாகத் தரையைச் சுரண்டி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, பிறகு தட்டை மறுபடி மாட்டுங்கள்.

சுற்றிலும் செடிகள்

10. கல் தரையின் ஓரத்தில் ஓரடிக்கு மேல் வளராத செடிகளாகப் பார்த்து வையுங்கள். பத்துமணிப்பூ வெயிலையும் தாங்கும், பூனையும் அதில் ஒளிய முடியாது. பன்னிரண்டு அடிக்கு அப்பால் கறிவேப்பிலை, மாதுளை, இட்லிப்பூ, மருதாணி, செம்பருத்தி என்று உயரமானவற்றை நடலாம். தானியம் தின்னாத பறவைகளும் இவற்றால் வரும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும், முருங்கைப் பூவுக்கும் செம்பருத்திக்கும் தேன்சிட்டும் தேடி வரும். உண்ணிச்செடியை மட்டும் பூவின் அழகைப் பார்த்து நட்டுவிடாதீர்கள். பறவைகள் அதன் விதையை ஊரெங்கும் பரப்பிவிடும். நம் காடுகளைப் பெரிய அளவில் ஆக்கிரமித்திருக்கும் அயல்நாட்டுச் செடி அது.

11. கிளிகளுக்குச் சூரியகாந்தி விதை போடுகிறவர்கள் கவனிக்க: அதன் தோலில் மற்ற செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அந்தத் தோல் குவியும் இடத்தில் புல்லும் பூச்செடியும் வாடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். செடி வேண்டுமென்றால் தொட்டியில் வைத்துத் தள்ளி வையுங்கள். கூட்டி எடுத்த தோலை வீணாக்க வேண்டாம். நடைபாதையில் பரப்பினால் களை முளைப்பது குறையும்.

12. கீழே விழுந்த கம்பு, தினை, நெல் எல்லாம் ஒரு நல்ல மழைக்கு முளைத்துவிடும். விரல் நீளம் வளர்வதற்குள் பிடுங்கிவிடுங்கள். வேர் இறங்கிவிட்டால் கல்லையே பெயர்க்க வேண்டிவரும். பிடுங்கியதை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடும் முன் ஒன்றைப் பாருங்கள். சோளத்தின் இளம்பயிரில் சயனைடு நஞ்சு உருவாகும்; கால்நடைகள் இறக்கும் அளவுக்கு அது கடுமையானது. எது சோளம், எது கம்பு என்று அடையாளம் தெரியாவிட்டால் மொத்தத்தையும் உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

13. இடம் இருந்தால் சிறிய தானியப் பாத்தி ஒன்று போடுங்கள். நாலடிக்கு நாலடி போதும். தினையோ கம்போ விதைத்தால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் கதிர் முற்றும். அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டால் சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் கதிரிலேயே தொங்கிக்கொண்டு கொத்தித் தின்னும். கீழே சிந்துவதும் குறைவு. மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த விதைகளைக் கடைகளில் சாயமேற்றி விற்பார்கள். அதை விதைக்க மட்டுமே பயன்படுத்துங்கள். மிஞ்சியதைப் பறவைக்கு வைத்தால் அது விஷம்.

14. மாமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டுவிடுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். வெண்தலைச் சிலம்பன் என்று சொல்லப்படும் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. சருகு இரண்டு அங்குலத்துக்கு மேல் குவிய வேண்டாம். வீட்டு வாசலையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும். சருகைக் கொளுத்துவதை அடியோடு நிறுத்துங்கள்.

15. குருவிகளுக்கு மண் குளியல் மிகவும் பிடிக்கும். இறகில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவும், பேன் உண்ணிகளை உதறவும் அவை புழுதியில் புரளும். தட்டிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் இரண்டடி அகலம், நாலு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, சலித்த நுண்ணிய மண்ணை நிரப்புங்கள். மழையில் நனைந்து இறுகினால் கொத்திவிட்டுப் புது மண் போடுங்கள்.

16. தண்ணீர்ச் சட்டியைத் தீனித்தட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். எச்சமும் தானியமும் விழுந்து ஒரே நாளில் கெட்டுவிடும். ஆறேழு அடி தள்ளி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண் சட்டியில் ஒரு கல்லைப் போட்டு வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இரை வைப்பது

17. கீழே சிந்துவதைக் குறைக்க ஒரே வகைத் தானியமாக வையுங்கள். பல தானியங்கள் கலந்து வைத்தால், பறவைகள் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். சிட்டுக்குருவிக்குத் தினை, கம்பு, நொய்யரிசி போதும். உமி நீக்கிய தானியம் என்றால் குப்பையும் குறைவு. உப்புப் போட்ட வேர்க்கடலை, மிக்சர், பிஸ்கட், ஊசிப்போன சாதம் வேண்டவே வேண்டாம். பூசணம் பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டாகும். நாம் தின்ன மாட்டோம் என்று ஒதுக்கியதைப் பறவைக்கும் வைக்கக் கூடாது. காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் இலையில் வைத்து, மிச்சத்தை இலையோடு எடுத்துவிடுங்கள்.

18. அளவுக்கு ஒரு எளிய விதி: காலையில் வைத்தது பிற்பகலுக்குள் தீர்ந்துவிட வேண்டும். மீந்தால் மறுநாள் ஒரு பிடி குறையுங்கள். எலிகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் நடமாடும். பொழுது சாயும்போது தட்டிலும் தரையிலும் ஒரு மணிகூட இல்லையென்றால் அவை உங்கள் கொல்லைக்கு வர வேலையே இல்லை. மாலையில் இரை வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

சுத்தமும் பாதுகாப்பும்

19. தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காய்ந்த எச்சத்தை வறட்டுத் தூசியாகக் கூட்டக் கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கலாம். லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது. கூட்டியதை உரக்குழியில் போட்டு நன்றாக மக்கவிடுங்கள். பச்சை எச்சத்தைக் கீரைப்பாத்தியில் போட்டால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நம் சாப்பாட்டுக்கே வந்துவிடும்.

20. வாரம் ஒருமுறை தட்டையும் கல் தரையையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் காயவிடுங்கள். மண் தரை வைத்திருப்பவர்கள் பிளீச் ஊற்றாமல், மாதம் ஒருமுறை கொக்கியைப் பத்தடி தள்ளி மாற்றி மாட்டினால் பழைய இடம் வெயிலில் காய்ந்து தேறிவிடும். சுத்தம் செய்யும் பிரஷும் கையுறையும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

21. புதிய வளையோ கறுப்புப் புழுக்கைகளோ தென்பட்டால், இரண்டு வாரம் இரை வைப்பதை நிறுத்தி, வளையை அடைத்து, அருகில் உள்ள செங்கல் குவியலையும் விறகையும் அகற்றுங்கள். எலி விஷம் மட்டும் வேண்டாம். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் மற்ற ஆந்தைகளும் அதே விஷத்தால் சாகின்றன. எலியைக் கட்டுப்படுத்த இயற்கை கொடுத்த காவலாளிகளை நாமே கொன்றுவிடக் கூடாது. பாம்பு வந்துவிட்டால் அடிக்கப் போகாமல், விலகி நின்று கண்காணித்தபடி தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

22. எறும்புக்குப் பொடி தூவாதீர்கள், செடிக்குப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான் என்றாலும், தன் குஞ்சுகளுக்கு ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டும். மருந்தடித்த தோட்டத்தில் குஞ்சுக்கு இரை கிடைக்காது. எறும்பைத் தடுக்க, தட்டு தொங்கும் கம்பியில் நடுவே ஒரு கொட்டாங்குச்சியைக் கோத்து, துளையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அந்தத் தண்ணீரையும் தினமும் மாற்ற மறக்க வேண்டாம்.

23. இறகைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது, விழுங்கத் திணறுவது, அலகிலிருந்து எச்சில் வழிவது, கண்ணைச் சுற்றி மரு போல வீக்கம் இவையெல்லாம் நோயின் அடையாளங்கள். ஒரு பறவை இப்படித் தெரிந்தாலும் உடனே இரையையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, தரையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு வாரமாவது காத்திருங்கள். பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்ற சிட்டு வகையில் டிரைக்கோமோனோசிஸ் என்ற தொண்டை நோய் 2005-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கியது. எச்சில் பட்ட ஈரமான தானியத்தாலும் தண்ணீராலும் தொற்றும் நோய் இது. ஏறத்தாழ 43 லட்சமாக இருந்த அந்தப் பறவைகள் 2009-க்குள் 28 லட்சமாகக் குறைந்தன. 2021-இல் அங்கே அது அபாய நிலையில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அன்போடு வைத்த இரைத்தட்டே அங்கே நோய் பரவும் இடமாகிவிட்டது. அந்தக் கிருமி உலர்ந்த இடத்தில் பிழைக்காது என்பதுதான் நமக்கு ஆறுதல். உங்கள் பகுதியில் பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் கையால் தொடாமல், கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.

24. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தரை என்பது கீழ்வீட்டுக்காரரின் பால்கனி! ஆகவே விளிம்புக்கு வெளியே எதையும் தொங்கவிடாமல், உட்பக்கத்தில் அகலமான தாங்குதட்டுடன் மட்டும் வையுங்கள். மாடப்புறாக்கள் கூட்டமாக வர ஆரம்பித்தால் இரை வைப்பதை நிறுத்திவிடுவதே நல்லது. ஒரே இடத்தில் சேரும் புறா எச்சம் சுவாச நோய்களுக்குக் காரணமாகும். இந்தக் காரணத்துக்காகவே 2025-இல் மும்பையில் புறாக்களுக்குப் பொது இடங்களில் தீனி போடும் ‘கபூதர்கானா’க்களை மூடும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. இரையை நிறுத்தினாலும் தண்ணீர் மட்டும் வைக்கலாம். கோடையில் பறவைகளுக்கு அதுவே பெரிய உதவி.

இத்தனை குறிப்புகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் தட்டுக்குக் கீழே உள்ள இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, வைக்கும் இரையில் ஒரு பிடியைக் குறைத்து, மாலையில் கூட்ட ஆரம்பியுங்கள். கல் பாவுவதும் செடி வைப்பதும் கையில் பணமும் நேரமும் இருக்கும்போது நடக்கட்டும். தினமும் கூட்ட முடியாது என்று தோன்றினால், கூட்ட முடிகிற நாட்களில் மட்டும் இரை வையுங்கள். நம் கையை நம்பி மட்டும் பறவைகள் வாழவில்லை. ஒரு நாள் இரை இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நோய் தொற்றும் அழுக்குத் தரை அவற்றின் உயிரையே எடுத்துவிடும். இரை வைக்கும் கை, விளக்குமாற்றையும் எடுக்கட்டும்.